மாறி நில்லுங்க

பிரிண்டர் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கிறவன் வீட்டில் கலர் பிரிண்டர்! முதல் வேலையாக, செல்போனில் எடுத்த மகளின் காதுகுத்துப் படத்தைப் பளபளப்புத் தாளில் போட்டேன். சுற்றி வெள்ளை ஓரம் வேண்டுமா என்று போன் கேட்டது. ஓரம் எதற்கு? தாள் முழுக்கப் படம் வரட்டும் என்று அமுக்கினேன்.

பன்னிரண்டு பிரதி. சொந்தக்காரர் வீடெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பாராட்டு வாங்கினேன். காளியம்மை மதினிக்கும் ஒன்று. மதினி என் மனைவி மஞ்சுஷாவின் அக்கா. மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். தாயில்லாத தங்கையை வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். படத்தைப் பார்த்து "கொள்ளாம்", நல்லாயிருக்கு, என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மதினி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எங்கள் வீட்டுக் கப்பைக்கிழங்கையும் மீன்கறியையும் ஒருநாள்கூடத் தவறவிடாதவர். மஞ்சுஷா படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதில அக்கா எவிடெ?"

வலது ஓரத்தில் அரைத் தோளும் ஒரு முழங்கையும் இருந்தன. போனில் நீளவாக்கில் எடுத்த படம்; தாளில் அவ்வளவு நீளம் இல்லை. ஓரம் வேண்டாமென்று நான் சொன்னதும் பிரிண்டர் இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டது. வளர்த்தவரை வெட்டிவிட்டு வீடு வீடாகப் போய்ப் பல்லிளித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றே மதினி வீட்டுக்கு ஓடினேன்.

"மதினி, அது மிஷின் பண்ணின கோளாறு."

"மிஷினா? படம் எடுக்கும்போ என்னெ மாறி நிக்கச் சொன்னது ஆரு? நீதானே தம்பி? தாலியறுத்தவ, சடங்குப் படத்தில வேண்டான்னு நெனச்சிருப்பே. செரின்னு மாறித் தந்தேன். பின்னெ வெட்டவும் வேணுமா?"

சொன்னவன் நான்தான். மகளுக்குப் பக்கத்தில் என் தம்பி பிச்சை நின்றிருந்தான். அந்த இடத்துக்கு மதினி வரட்டும் என்றுதான் "மதினி, மாறி நில்லுங்க" என்றேன். எங்கள் சங்கரன்கோவிலில் அதற்கு இடம் மாற்றிக்கொள்வது என்று பொருள். மதினி பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். இங்கே அது 'விலகி நில்'. பிள்ளை முகத்தையே பார்த்து அமுக்கியதில், மதினி விலகிப் போனதை நான் கவனிக்கவில்லை. ஏழு வருஷம் கொச்சியில் சாயா குடித்தும் இந்த மண்டையில் அது ஏறவில்லை.

"நடுவுல வரத்தான் சொன்னேன் மதினி. பிள்ளைக்குப் பக்கத்துல. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்."

மதினி என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஓரம் வைத்து அச்சடித்தேன். இப்போது மதினி முழுசாக இருந்தார். ஆனால் எல்லாரையும் விட்டு இரண்டடி தள்ளி, தலை குனிந்து. அதை யாருக்கும் காட்டாமல் கிழித்துப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். மகளை அவர் மடியில் உட்காரவைத்து, நாங்கள் இரண்டு பக்கமும் நின்று புதிதாக ஒரு படம். ஓரம் விட்டே அச்சடித்தேன். மதினி அந்த வெள்ளை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சுத்தும் இவ்வளவு எடம் சும்மா கெடக்கே, தம்பி."

"கெடக்கட்டும் மதினி. இனி இந்த வீட்ல யாரும் மாறி நிக்க வேண்டாம்."