பீரோவுக்குப் பின்னால் ஒரு தவளை

ரோலரைப் பெயிண்டில் தோய்த்த பிறகுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். சேலையூரில் ரோஹிணி மேடம் வீட்டு ஹால். பழைய சுவர் முழுக்கக் கறுப்பு மையில் நத்தை, வெட்டுக்கிளி, காற்றில் சாய்ந்த புல். ஜப்பான்காரர்கள் வரைகிற முறையாம். எப்படியும் வெள்ளை அடிக்கப் போகிற சுவர் என்று மேடம் அதிலேயே வரைந்து பழகியிருக்கிறார். வெட்டுக்கிளிக்கு மொத்தமே ஏழெட்டு இழுப்புதான். கிட்டே போனால் தாவிவிடும் போலிருந்தது. காலையிலிருந்து இருந்த தோள்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடிச்சிடுங்கண்ணா, எல்லாம் பிராக்டிஸ்தான். எங்க வீட்டுக்காரர் ஷ்யாம் சாயங்காலம் வரப்போ சுவர் ப்ளெயின் ஒயிட்டா இருக்கணும்னார்" என்றார் மேடம்.

இத்தனை வருஷமாகச் சுவரில் இருப்பதை மறைத்துத்தான் பழக்கம். நானாக எதையும் வைத்ததில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மேடம், அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு போட்டுக்கட்டா?"

சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை நீட்டினார். "திருத்த முடியாதுண்ணா. வச்சா வச்சதுதான்."

கூட வேலை செய்யும் யேசுதாசன் ஏணியிலிருந்து குரல் கொடுத்தான். "அண்ணன் கையெழுத்து போடக் கத்துகினதே போன வருசம். அதுக்குள்ள ஜப்பானா?"

மழை வந்தால் எங்கள் பாத்ரூம் டிரம்முக்குப் பின்னால் உட்காரும் தவளையை நினைத்துக்கொண்டு, சுவரின் கீழ் மூலையில் குந்தினேன். மகள் ஏஞ்சல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது அழுத்தி அழுத்திப் பென்சில் முனையை உடைத்த கை. இங்கேயும் அழுத்திவிட்டது. கறுப்பாக ஒரு குண்டு.

"இன்னாண்ணா, தவளையா இட்லியா?"

மூச்சை விட்டேன். நுனியால் மேலே கண்ணுக்கு இரண்டு மேடு. பக்கத்தில் மடங்கிய கால், ஒரே இழுப்பு. இட்லி, மோவாயைத் தூக்கி என்னைப் பார்த்தது. மேடம் குனிந்து, "மூச்சு விடுதேண்ணா" என்றார் மெதுவாக. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"போட்டோ எடுத்துத் தரட்டா?"

தலையாட்டினேன். சுவரிலிருந்து போகப் போகிறதே என்று மனசு ஆறவில்லை.

நத்தையை மறைத்தேன். வெட்டுக்கிளியை மறைத்தேன். யேசுதாசன் அந்தப் பக்கமிருந்து ரோலரோடு மூலையை நெருங்கினான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சுவர் என்னுடையதா? தவளைக்கு ஒரு கையகலம் இருக்கும்போது ரோலர் நின்றது.

"மேடம், பீரோ எந்தப் பக்கம் வருது?"

மேடம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த மூலைக்குத்தான்."

ஹால் நடுவில் நின்ற பீரோவை மூன்று பேருமாக மூலைக்குத் தள்ளினோம். இடைவெளி குறுகுவதற்குள் தலையை நீட்டி ஒருமுறை பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாகத் தவளையின் முதுகில் கிடந்தது. சுற்றிலும் ஈரம் காயாத வெள்ளை. தாவலாமா என்பதுபோல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது.