கடைசி இருபது நிமிடம்

ஸ்ரீஹர்ஷாவைப் பழிவாங்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவே இல்லை. தினமும் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் சப்டைட்டில் போடுகிறோம். அங்கே "படம் பாத்தாச்சா?" என்று கேட்டால் சப்டைட்டில் ஃபைலைப் படித்து முடித்தாயிற்றா என்று அர்த்தம். வாரத்துக்குப் பதினைந்து படம் தள்ள வேண்டும், இதில் படத்தை யார் பார்ப்பது? எழுத்தை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். நான் ஒருத்திதான் பைத்தியக்காரி. பேய்ப் படம் என்றால் ஈஜிபுராவில் இருக்கும் என் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிப்போய், ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு முழுசாகப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஆபீஸ் குரூப்பில் ஒரு படத்தைப் பரிந்துரைத்து நாலு வரி எழுதுவேன். "இந்த இந்தோனேசியப் படத்தைச் சாப்பிடும்போது பார்க்காதீர்கள், முக்கியமாகச் சேமியா." "இந்த மெக்சிகோ பேய்க்குக் கோபமே கிடையாது, வெறும் பசி." "நார்வே படம். பனியில் காலடித் தடம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. உள்ளே வந்த தடம் எங்கே என்று யோசித்துக்கொண்டே தூங்குங்கள்." முடிவையும் லேசாக ஜாடை காட்டுவேன். இப்படி நாற்பது படம் எழுதினேன்.

ஸ்ரீஹர்ஷா என் டீம் லீட். மல்லேஸ்வரத்துக்காரன். பிளட் டெஸ்டுக்கே துணைக்கு ஆள் கூட்டிப்போகிறவன். அவன் ஒரு வீடியோ சேனல் தொடங்கி என் நாற்பதையும் தன்னுடையதாகச் சொல்லிவிட்டான். சேமியாவைக்கூட விடவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. குரூப்பில் பழசெல்லாம் ஒரு மாதத்தில் தானாக அழியும்படி வைத்திருந்ததும் அவன்தான், அதனால் என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது. மாதம் ஒரு உலகப் பேய்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து மேடையில் அறிமுகம் செய்ய ஆள் தேடினார்கள். நானும் எழுதிப் போட்டேன். வேலை ஸ்ரீஹர்ஷாவுக்குப் போனது. எனக்கு வந்த பதிலில், உங்கள் எழுத்து ஸ்ரீஹர்ஷாவின் நடையைக் காப்பியடித்ததுபோல் இருக்கிறது என்று இருந்தது.

அவனிடம் நேரில் கேட்டேன்.

"ஹர்ஷா, அது என் எழுத்து."

"சும்னே சீன் பண்ணாத விஜி. படம் என்ன உங்கப்பா சொத்தா? பாத்தவங்க யார் வேணா சொல்லலாம்."

பார்த்தவர்கள்தானே? சரி என்று அடங்கிப்போனவள் மாதிரி என் மேசைக்குத் திரும்பினேன்.

சில வாரம் தேடி, "உப்புக் கிணறு" என்ற ஜார்ஜியா நாட்டுப் படத்தைப் பரிந்துரைத்தேன். காணாமல் போன மகளை ஒரு அம்மா தேடுகிறாள். கிணற்றடியில் மகள் கிடைக்கிறாள். "வா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறாள் அம்மா. சப்டைட்டில் ஃபைலில் அதுதான் கடைசி வரி. அதற்குப் பிறகு படம் இருபது நிமிடம் ஓடுகிறது, ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தேன். குறிப்பில் பொய் எதுவும் எழுதவில்லை. "முடிவுக்காகவே பாருங்கள், சொன்னால் கெட்டுவிடும்" என்று எழுதினேன்.

எதை யார் திறந்தார்கள் என்று எங்கள் சர்வர் காட்டும். ஸ்ரீஹர்ஷா ஃபைலைத் திறந்திருந்தான். வீடியோவைத் தொடவில்லை. மறுநாளே சொசைட்டியில் தன் முதல் படமாக அதை அறிவித்தான்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் காட்சி. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சொசைட்டித் தலைவி அலர்மேல்மங்கை, ஓய்வுபெற்ற பேராசிரியை. ஸ்ரீஹர்ஷா புதுக் குர்தாவில் மேடையேறினான்.

"இந்தப் படத்தை நான் மூணு தடவை பாத்தேன். இவ்வளவு இதமான முடிவு பேய்ப் படத்துல அபூர்வம். கடைசியில அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப அழுதுட்டேன். ஹார்ட் பேஷண்ட்கூட தைரியமா பாக்கலாம்."

படம் ஓடியது. கடைசி வரி வந்ததும் படம் முடிந்ததென்று அவன் பையை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தான். திரையில் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே சாப்பாட்டு மேசையில் அதே மகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அம்மா கதவைத் தாழிட்டாள். இரண்டு பேருக்கும் ரொட்டி வைத்தாள். பிறகு கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். நடைபாதையிலேயே தரையில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டான். இருபது நிமிடமும் எழுந்திருக்கவில்லை. எந்தப் படத்தையும் நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்தது. அலர்மேல்மங்கை எழுந்தார்.

"இதமான முடிவுன்னேளே. மூணு தடவை பாத்தேளா?"

அவன் வியர்வையைத் துடைத்தான். "என் தப்பு இல்ல மேடம். விஜி எழுதின குறிப்புல முடிவு இல்ல. எப்பவும் எழுதிடுவா, இந்தத் தடவை வேணும்னே விட்டுட்டா."

நுணலும் தன் வாயால் கெடும்.

"எப்பவும்னா? உங்க சேனல்ல சொன்ன அந்த நாப்பதுமா?" என்றார் அவர்.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். விஜி யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். அந்தப் பெயர் அவருக்கு நினைவிருந்தது.

"உங்களுக்கு நான் எழுதின பதில் தப்பு. மன்னிச்சுக்கோங்கோ. அடுத்த மாசம் என்ன படம் போடலாம்?"

"ஒண்ணு இருக்கு மேடம்," என்றேன், ஸ்ரீஹர்ஷாவைப் பார்த்துக்கொண்டே. "அதுல வசனமே கிடையாது."