ராவுத்தர் மகன் பாவாடை

பாவாடை என்று பெயர் வைத்த புண்ணியவான்கள் மேல் அம்சவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. கம்மாபுரம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பாவாடை மேல்தான் விழ வேண்டும். தாலுகா ஆபீஸில் பழைய நோட்டுகளைப் புரட்டச் சொல்லிக் கெஞ்சி, ஒரே மாதத்தில் ஒன்பது பாவாடைகளைக் கண்டுபிடித்துவிட்டாள். அதில் தன் கொள்ளுத்தாத்தா யார் என்பதுதான் விளங்கவில்லை.

விளங்கியே ஆக வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் ஊரின் கிழக்கு எல்லைக்கு வந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டாம் வருஷத் தை மாதத்துக்குள் வீடு வாசலைக் காலி செய்கிறவர்களுக்கு வேறு இடத்தில் மனை என்று அறிவித்திருந்தார்கள். பட்டாவில் பெயர் இருப்பவரின் வாரிசு என்று காட்டினால்தான் மனை. காட்டாதவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் ஆறு வருஷமாகக் கடிதாசிகூடப் போடவில்லை. அப்பா ஜம்புலிங்கம் விட்டுப்போன அந்த ஓட்டு வீட்டைத் தவிர அவளுக்கும் எட்டாவது படிக்கும் மகள் மகேஸ்வரிக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

கிளார்க் நல்ல மனிதர்தான். ஆனால் காகிதத்தில் இல்லாததை அவரால் உண்டாக்க முடியாதே. இரண்டு காகிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இங்க பாரும்மா. இது ஒங்க தாத்தா சின்னக்கண்ணு பத்திரம். 'காத்தான் பேரனும் பாவாடை மகனுமாகிய சின்னக்கண்ணு'ன்னு இருக்குது. அப்ப ஒங்க பாவாடைக்கு அப்பா காத்தான். இது பட்டாவோட மூலம். இதுல என்ன எழுதியிருக்குது, நீயே படி."

அவள் படித்தாள். 'கனி ராவுத்தர் மகன் பாவாடை.'

"ராவுத்தர் வூட்டுல பாவாடைன்னு பேரு வைப்பாங்களாங்க?" என்றாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன். எழுதினவன் செத்து அறுவது வருசம் இருக்கும். அவன எழுப்பியா கேக்க முடியும்? திங்கக்கெழம சாயந்தரம் லிஸ்ட்டு மூடறோம். ரெண்டு பாவாடையும் ஒரே ஆளுதான்னு யாராச்சும் எழுத்து மூலமா காட்டணும்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்யும் செராமிக் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரக்கோட்டைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பது அவள் பாடு. அரைத் தூக்கத்திலும் செய்யக்கூடிய வேலை. மறுநாள் பிள்ளையார்களில் நாலு பேருக்குத் தும்பிக்கையைச் சீவித் தள்ளிவிட்டாள். சூப்பர்வைசர் அவற்றைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, "ஒடம்பு சரியில்லன்னா வூட்டுக்குப் போ" என்றார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. விருத்தாசலம் கடைத்தெருவுக்குப் போனாள்.

கனி ராவுத்தர் வகையறா யார் என்று பத்துக் கடையில் விசாரித்து, பதினோராவதில் தவிடு புண்ணாக்கு மண்டி ஒன்றைக் காட்டினார்கள். கல்லாவில் இஃப்திகார் என்ற இருபத்து நாலு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். அப்பா உமர் பாரூக் சவூதியில் இருப்பதாகவும், கனி ராவுத்தர் அவருக்குப் பாட்டனாரின் அப்பா என்றும் சொன்னான். மேற்கொண்டு எதுவும் தெரியாது என்று அவளைப் பின்கட்டில் இருந்த அம்மா அஜீஸாவிடம் அனுப்பினான்.

அஜீஸாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பாவாடை என்ற பெயரைக் கேட்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பீரோ அடித்தட்டில் இருந்து துணியில் சுற்றிய தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்து திருப்பினார். எல்லாம் அரபு எழுத்து.

"எனக்கு இது புரியாதுங்க" என்றாள் அம்சவல்லி.

"எழுத்துதான் அரபு. பேச்சு நம்ம பேச்சு. அந்தக் காலத்துல இப்படித்தான் எழுதுவாங்க. பொறந்தது, மவுத்தானது, நிக்காஹ் எல்லாம் இதுல இருக்குது. கேளு."

வலமிருந்து இடமாக விரல் நகர, அவர் வாசித்தார். அத்தனை வளைவுக்குள்ளிருந்தும் நல்ல தமிழ் வெளியே வந்தது. "காத்தானுக்கு ரெண்டு பிள்ளை தங்கலை. மூணாவதை இன்னைக்கு நாம் ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கினோம். பேர் பாவாடை. அல்லாஹ் அவனுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்."

அம்சவல்லிக்குச் சட்டென்று எல்லாம் பிடிபட்டது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைப் பிள்ளை தங்கிய வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வளர்வது பெற்றவளிடம்தான். ஆனால் யார் பிள்ளை என்று யார் கேட்டாலும் வாங்கினவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் சாவுக்குக் காது கேட்டுவிடும் என்று பயம். கல்யாணத்துக்கு முன்னே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள்.

அஜீஸா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். பெருநாளைக்குத் துணி எடுத்த பிள்ளைகளின் வரிசையில் வருஷா வருஷம் பாவாடையும் இருந்தான். பிறகு ஓரிடத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "காத்தான் போன மாசம் இறந்துவிட்டான். நிலம் எழுத அதிகாரி வந்து கேட்டபோது பாவாடை என் பேரைச் சொன்னானாம். பதினாறு வயசுப் பிள்ளை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது."

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு மாதமாக ஒன்பது பேரைத் துரத்தினாளே, அவளுக்கு வேண்டியவன் யார் கண்ணிலும் படாமல் இந்தப் பீரோவுக்குள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். பையிலிருந்து பட்டா நகலை எடுத்து அஜீஸாவிடம் நீட்டினாள்.

அதை வாங்கியது இஃப்திகார். எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. இரண்டு முறை படித்தான்.

"மீட்டதா இதுல எங்கயாச்சும் இருக்குதாம்மா?"

அஜீஸா கடைசி வரை புரட்டிப் பார்த்தார். "இல்ல."

"அப்ப காகிதப்படி இது நம்ம வூட்டு நெலம்தானே. மனையும் நமக்குத்தானே வரணும்?"

அவன் கெட்டவன் இல்லை. கணக்குப் பார்த்துப் பழகிய வாய் அப்படிக் கேட்டுவிட்டது. ஆனாலும் அம்சவல்லி நகலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். இருந்த ஒரே காகிதத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அஜீஸா மகனை ஒரு பார்வை பார்த்து நகலைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம இவங்க அத்தா ஃபோன் பண்ணுவாங்க. கேட்டுட்டுச் சொல்றேன், போயிட்டு வாம்மா."

நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். மகேஸ்வரி கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். பெரிய வீட்டுக்காரர்கள், மண்டி வைத்திருக்கிறவர்கள், சும்மா வருகிற மனையை யார் விடுவார்கள் என்று ஒரு மனம் சொன்னது. நாமாக மீட்டுவிட்டால் என்ன என்று இன்னொரு மனம் சொன்னது. வெள்ளிக்கிழமை கம்பெனி விட்டதும் வேறொரு கடையில் தவிடு வாங்கி மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு போனாள். அந்த மண்டியிலேயே வாங்கி அவர்களிடமே கொடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அஜீஸா முன்னால் பையை வைத்தாள். "எங்க கொள்ளுத்தாத்தாவ மீட்டுக்க வந்திருக்கறேங்க."

அஜீஸா பையைப் பிரித்து, ஒரு பிடி தவிட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் பைக்குள்ளேயே போட்டார். பையை அவள் பக்கம் தள்ளினார்.

"இத நான் வாங்க மாட்டேன்."

அம்சவல்லி பையைத் தொடவில்லை. "அப்ப மனை ஒங்களுக்கேவா?" என்று கேட்டே விட்டாள்.

"மனை ஒனக்குத்தான். 'நம்ம நெலமா இருந்தா நாம உழுதிருப்போம்ல, பேசாம போயி கையெழுத்து போடு'ன்னு அவங்க ஃபோன்ல சத்தம் போட்டாங்க. எந்த ஆபீஸுக்கு வேணும்னாலும் வரேன், நோட்டையும் கொண்டாரேன். ஆனா தவிட்ட வாங்கிட்டா அவரு எங்க புள்ள இல்லன்னு ஆயிடும்ல. இத்தன வருசம் எழுதி வெச்சுக் காப்பாத்தினதுக்கு, ஒரு பை தவிட்டுக்கு விட்டுடுவேனா?"

பக்கத்தில் நின்ற இஃப்திகார் தலையைச் சொறிந்தான். "டீ சொல்லட்டுமாக்கா?" என்றான். போன தடவை அவன் அவளை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்குத் தாலுகா ஆபீஸில் அஜீஸா நோட்டை வாசிக்க வாசிக்க, கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அரபு தெரிந்த மதரஸா ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை வாசிக்கவைத்து, வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்து ஒரு படிவத்தை இருவர் முன்னும் வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்துதான் பாக்கி. சாட்சிக்கும் மனுதாரருக்கும் எந்த உறவும் இல்லன்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கணும். உறவுன்னா சாட்சி செல்லாது."

அம்சவல்லி பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். பாவாடையும் ராவுத்தரின் சொந்த மகனும் அண்ணன் தம்பி. அப்படியானால் அவள் தாத்தாவும் உமர் பாரூக்கின் அப்பாவும் அண்ணன் தம்பி. அவள் அப்பாவும் உமர் பாரூக்கும் அப்படியே. விரல் மடக்கி எண்ணும் வேலைகூட இல்லை, முறை தானாக வந்து நின்றது. பங்காளி வீட்டுக்காரர்கள் ஒருத்தரும் ஆபீஸ் படியேறாத இந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, வந்து நின்ற ஒரே ஒருத்தியைப் பார்த்து யாரோ என்று எழுத வேண்டும்.

"போடும்மா" என்றார் அஜீஸா. "ஒனக்கும் ஒம் பொண்ணுக்கும் வூடு வேணும்ல." தன் பெயரை முதலில் எழுதி முடித்து, படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'எந்த உறவும் இல்லை' என்று அம்சவல்லி எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். கிளார்க் முத்திரை குத்தி, அடுத்த மாதப் பட்டியலில் பெயர் வரும் என்றார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. ஆபீஸ் வாசலில் மூன்று படி. அஜீஸா நோட்டை மார்போடு அணைத்தபடி முதல் படியில் கால் வைக்க, அம்சவல்லி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பாத்து எறங்குங்க சின்னம்மா, ரெண்டாவது படி ஒடஞ்சிருக்குது."