கூச்சக்காரன் வேஷம்

ஆரம்பாக்கத்தில் லோகநாதன் வீட்டில் அந்த ஞாயிறு மதியம் நான்கு பேர் இருந்தார்கள். டிவிக்கு நேரெதிரே கட்டிலில் லோகநாதன். கீழே மொச்சை உரித்தபடி அவன் மனைவி புவனேஸ்வரி. ஜன்னலோர நாற்காலியில் பக்கத்துப் போர்ஷன் சுகிர்தா. எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவனைப்போல வாசற்படியில் லோகநாதனின் சிநேகிதன் ஸ்டீபன்.

ஸ்டீபனும் சுகிர்தாவும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. அவன் டிஸ்பாட்ச், அவள் கேன்டீன். வருகிற சனிக்கிழமை அவள் வேலையை விட்டுவிட்டு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுகிறாள். அதற்குள் தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டுவிட வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் ஒரு மாதமாகத் தவிக்கிறான் ஸ்டீபன். லீவு, பி.எஃப். என்று கம்பெனி ஆட்களுக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவனுக்கு வாய்ப்பேச்சு மட்டும் வராது.

ஓடியது பழைய காதல் படம். காதலைச் சொல்லக் கூசும் குமாஸ்தா. கடைசியில் அவன் விரும்பும் பெண் ரயிலேறிப் போய்விடுகிறாள். ஊரே அழுததாம். ஆனால் குமாஸ்தாவாக வந்தவர் சண்டைக்குப் பேர்போன நடிகர். பிளாட்பாரத்தில் அவர் விம்ம, தோளில் சட்டை பிதுங்கியது.

"ரயில கையாலயே நிறுத்துவான் போலகீது. நின்னு அழுதுகினு கீறான்," என்றான் லோகநாதன்.

"உன்ன மாதிரிதான். உடம்பு இருந்து இன்னா பிரயோஜனம்," என்றாள் புவனேஸ்வரி.

சுகிர்தா சிரிக்கவில்லை. "கதை நல்ல கதைதாங்க்கா. ஆளத்தான் தப்பா போட்டுட்டாங்க. இவன பாத்தா திமிருல சொல்லாம நிக்கறவன் மாதிரி கீது. நெஜமாவே பேச வராத ஆளா இருந்தா…" ஸ்டீபன் இருந்த வாசற்படியைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு இந்த வண்டிய உட்டுட்டு, அடுத்த வண்டி வரைக்கும் பாத்திருப்பா."

ஸ்டீபன் ஆறிப்போன டீயைக் குடித்தான்.

மறுநாள் விடிந்ததும் கோடுபோட்ட தாளோடு உட்கார்ந்தான். அனுப்புநர், பெறுநர் வரை கை தானாக ஓடியது. 'பொருள்' என்ற இடத்தில் நின்றது. கால்மணி நேரம் கழித்து எழுதினான்: 'என்னை மணந்துகொள்ளத் தங்கள் இசைவு கோருதல் தொடர்பாக.' அதற்குக் கீழே: 'பார்வை: ஞாயிறு அன்று படம் பார்க்கையில் தாங்கள் கூறியது.' மனுவைப்போல இருக்கிறதே என்று கிழிக்கப் போனான். தனக்கு வருகிற பேச்சு இதுதானே என்று விட்டுவிட்டு, மேற்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினான்.

கும்மிடிப்பூண்டி தபாலாபீசில் உறையின் ஓரத்தை ஒட்டி, விரலால் மூன்று தரம் அழுத்தினான். கவுன்டரில் இருந்த பெண் முகவரியைப் படித்தாள்.

"பக்கத்துல கீற ஆரம்பாக்கமா? நேர்லயே குடுத்துடலாமே, சார்."

"நேர்ல போனா குடுக்காமலே திரும்பிடுவேம்மா."

அவள் நிமிர்ந்து அவனை ஒருமுறை பார்த்தாள். முத்திரையை மை குழம்பாமல் நிதானமாக வைத்து, பேங்க் தபால்களும் கம்பெனி உறைகளும் கிடந்த பைக்குள், பெயர் மேலே தெரியும்படி போட்டாள்.