கடைசியாக நன்றாக இருந்த நேரம்

தம்பியின் இடது கையைத் தடித்த பஞ்சு உறைக்குள் நுழைத்து, மணிக்கட்டில் பட்டையை இறுக்கினாள் அக்கா. அதுதான் நல்ல கை. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் விழுந்துபோன வலது கை எழுந்திருக்கும் என்பது பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் கணக்கு. தினமும் மூன்று மணி நேரம். "மூளைல செத்த செல் திரும்பி வராதுங்க. ஆனா பக்கத்துல இருக்கிற செல்லுங்க அந்த வேலையக் கத்துக்கும். ஆபீஸ்ல ஒருத்தர் வரலேன்னா அடுத்த மேஜைக்காரர் முணுமுணுத்துக்கிட்டே பாக்க மாட்டாரா, அது மாதிரி. வேற வழியே இல்லேன்னாதான் பாக்கும். நல்ல கையக் கட்டாம விட்டா மூளை சோம்பேறி ஆயிடும்" என்றிருந்தாள் அவள்.

தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் கணவர் இறந்தபோது ஒரு வாரம் துணைக்கு இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்தவன், ஒன்பது வருஷமாகியும் அந்த வாரத்தை முடிக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு 'வேஷம்' என்று பெயர். பிடிக்காத வேலை வந்தால் நொண்டுவான், இருமுவான், மயங்கி விழுவான். ஆள் நகர்ந்ததும் எழுந்து கண்ணடிப்பான்.

கை விழுந்த அன்று காலை எட்டு மணி. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அவன் ஒப்புக்கொண்டிருந்த நாள். வாசலில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து வந்தவனின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "அக்கா, கை கனக்குது" என்றான், வார்த்தைகள் கொழகொழத்தன. அவள் சிரித்துவிட்டாள். "வாய்க் கோணல் பிரமாதம்டா. தொட்டியக் கழுவிட்டு மிச்சத்த நடி" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பத்து மணிக்குமேல் இரண்டு முறை போன் செய்தும் அவன் எடுக்கவில்லை. மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பது.

அக்கா பதினான்கு வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள். வாய் கோணினால், கை தொங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடுங்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள். அவளே பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்று எந்த வாயால் சொல்வது? "ராத்திரி படுக்கப் போறப்ப நல்லா இருந்தான். காலைல நான் கிளம்பும்போது தூங்கிட்டிருந்தான்" என்றாள்.

"அப்ப எப்ப ஆரம்பிச்சுதுன்னே தெரியல. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா மூளை அடைப்பக் கரைக்க ஊசி போடலாம். நேரம் தெரியாமப் போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் திரையை விலக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சுவரில் பதினொன்று நாற்பது. எட்டிலிருந்து மூன்று மணி நாற்பது நிமிஷம். இன்னும் ஐம்பது நிமிஷம் மிச்சம் இருந்தது. இதோ கூப்பிடுகிறேன், இதோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தபடியே நின்றாள். திரை கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றுபோனது.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம். ஆரம்பத்தில் அவனிடம் நான்கே வார்த்தைகள் இருந்தன. 'மேல' என்றால் ஆமாம். 'கீழ' என்றால் இல்லை. மற்ற எல்லாமே 'கதவு'. அப்புறம் 'அக்கா'. அவள் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு படம் போட்ட அட்டைகளோடு அவன் எதிரே உட்கார்ந்தாள். சோப்பு வந்தது, சாவி வந்தது, வலி வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் கைதட்டுவாள். கை ஓய்வதற்குள் மிச்ச அட்டைகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள். இந்த வரிசையில் எங்கேயோ அந்தக் காலை எட்டு மணியும் தன் முறைக்காக நின்றுகொண்டிருக்கிறதே! கடிகாரம் போட்ட அட்டையை அவள் இரண்டாம் மாதமே உருவித் துணி அலமாரியில் செருகிவிட்டிருந்தாள்.

இன்று காலை பயிற்சிப் பெண் அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு குறையுதே. சரி, கடிகாரந்தானே" என்று ஒரு தாளில் வட்டம் போட்டு, எண்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உறையைக் கட்டி முடித்த அக்கா நிமிர்ந்தபோது, தம்பி அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மேஜையில் ஊர்ந்து பென்சிலைப் பிடித்தது, நழுவவிட்டது, மறுபடி பிடித்தது. நடுவிலிருந்து ஒரு கோடு நடுங்கி நடுங்கி எட்டை நோக்கிப் போனது.

"எட்டு" என்றான். "அக்கா... கை... சொன்னேன்."

அவள் மற்ற அட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"நீ... சிரிச்ச."

கோபம் இல்லை அந்தக் குரலில். தொலைந்த திருகாணியைக் கண்டெடுத்துக் காட்டுகிறவன் போலத்தான் சொன்னான். பிறகு உறை போட்ட கையால் தன் நெஞ்சைத் தட்டி, "வேஷம்... என் தப்பு" என்றான். பாதி வாய் சிரித்தது.

ஆமாம் என்று அவள் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பாதி உண்மைக்கு முழு மன்னிப்பு, அவனே கையில் கொண்டுவந்து வைக்கிறான். அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"இல்லடா. சிரிச்சது மட்டும் இல்ல. நீ காலைல எங்கிட்டப் பேசுனதையே டாக்டர்கிட்ட மறைச்சிட்டேன். நீ தூங்கிட்டிருந்தேன்னு பொய் சொன்னேன். எட்டு மணின்னு சொல்லியிருந்தா ஒரு ஊசி போட்டிருப்பாங்க. அது போட்டிருந்தா இந்தக் கை..." அவன் வலது கையைப் பார்த்தாள். "நேரம் இருந்துதுடா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் கண்கள் அவள் உதடுகளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தன. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புருவம் நெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. உள்ளே ஏதோ ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.

இத்தனை மாதமும் அவன் திணறும்போதெல்லாம் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தவள் அவள். இப்போதும் நாலைந்து சொற்கள் அவள் நாக்கில் நின்றன. ஒன்றையும் கொடுக்கவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எச்சில் மினுங்கும் அவன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.