மாவுக்கட்டுக்கு ஏ.சி.

"அந்தப் பின்னல் ஊசியை இப்படிக் கொடு ஜலஜா. ஒரே ஒரு தடவை உள்ளே விட்டுச் சொறிஞ்சுக்கறேன்."

"கொடுக்க மாட்டேன். டாக்டர் கத்தினது மறந்துபோச்சா?"

வீரராகவனுக்குத் தொடையிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டு. பத்து நாளைக்கு முன்னால் ஹாஜ்ரா ரோடில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பஸ் நின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். பஸ் அப்படி நினைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

அது 1996, ஜூன் மாதம். தேயிலைக் கம்பெனி அவரைச் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பவானிபூரில் மாடி வீடு. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. வீரராகவனின் வியர்வையெல்லாம் கட்டுக்குள் இறங்கித் தேங்கியது.

டாக்டர் கட்டின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். உள்ளே தோல் புண்ணாகத் தொடங்கிவிட்டது என்றார். புண் பெரிதானால் கட்டைப் பிரித்தாக வேண்டும்; இப்போது பிரித்தால் எலும்பு கோணலாகச் சேரும்; ஆயுளுக்கும் நொண்டல்தான். ஃபேன் ஈரக் காற்றையே திருப்பித் திருப்பி அடிக்கும். அறைக்கு ஏ.சி. போடுங்கள், காற்று காய்ந்தால் தோலும் காயும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜலஜா அன்றே கிளம்பினாள். கணவரோடு வேலை பார்க்கும் ரஞ்சன் டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறார். அவருடைய பழைய ஜன்னல் ஏ.சி.யைப் பதினோராயிரத்துக்குத் தந்தார். ஆஸ்பத்திரிச் செலவை ஆகஸ்டில்தான் கம்பெனி திருப்பித் தரும். இப்போது வீட்டு வாடகை போக அவள் கையில் மிச்சம் ஆயிரம் ரூபாய். அதற்குள் ஏ.சி.யை மாட்டியாக வேண்டும்.

வீட்டுக்காரர் ஷெஃபாலி மாஷிமா கீழே குடியிருந்தார். மாஷிமா என்றால் சித்தி. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஜலஜாவோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஜன்னல் கம்பியை அறுத்துக்கொள்ளச் சம்மதித்து, ஏ.சி. மாட்டுகிற நிமாய் மிஸ்திரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டு, பாலிகஞ்சில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மிஸ்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் பீடி. ஜன்னலை முழம் போட்டார். கம்பியை அறுக்க வேண்டும், மரச்சட்டம் அடிக்க வேண்டும், கீழே மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும் என்று கையாலேயே விளக்கினார்.

"கொத்தோ?" என்றாள் ஜலஜா. எவ்வளவு என்று கேட்க அவளுக்குத் தெரியும்.

"அராய் ஹஜார்."

ஹஜார் ஆயிரம். அது தெரியும். ஜலஜா கட்டில் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, அரை ஆயிரம்ங்கறார். இங்கேயும் அரைன்னா அரைதானா?"

"பின்னே? சாவியைச் சாபிங்கறா. மாமாவை மாமாங்கறா. அரைக்கு மட்டும் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கப் போறாளா?"

ஐநூறு ரூபாய்! ஜலஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காய்கறிக்காரர் தினமும் அவள் கேட்கும் விலைக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லும் வார்த்தை ஒன்று அவளுக்குப் பாடமாகியிருந்தது. அதைச் சொன்னாள்.

"எத்தோ கோம்?" இவ்வளவு குறைச்சலா?

நிமாய் காதிலிருந்த பீடியை எடுத்தார். அவளையே பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "டீக் ஆச்சே, பௌதி" என்று தலையாட்டிவிட்டுப் போனார். சரி அண்ணி என்று அர்த்தம்.

மறுநாள் தடித்த செப்பு ஒயரும் நல்ல மரமும் கொண்டுவந்தார். இரண்டு நாள் வேலை. சட்டத்துக்கு இரண்டு கை பெயின்ட். இடுக்கெல்லாம் மக்கு வைத்து அடைத்தார். ஐநூறு ரூபாய்க்கு இத்தனையா என்று ஜலஜா வாயைப் பிளந்தாள். கேட்காமலே மூன்று வேளை டீ கொடுத்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டார். ஏ.சி. உறுமியது. அன்று காலைதான் திரும்பி வந்திருந்த மாஷிமா கீழேயிருந்து, "என் டி.வி. சுருங்கிப்போச்சு!" என்று கூவினார்; ஏ.சி. இழுத்த கரண்டில் படம் நாலு பக்கமும் குறுகியிருந்தது. வெளியே ஏ.சி.யின் பின்புறம் தண்ணீர் சொட்டியது. நிமாய் வைத்த வாளி ஒரு மணி நேரத்தில் கால்வாசி நிரம்பியது. இத்தனையும் இந்த அறைக் காற்றில் இருந்ததா என்று ஜலஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரமாகக் கண் மூடாத வீரராகவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

ஜலஜா அறை வாசலில் நின்று ஐநூறும், மேலே ஒரு ஐம்பதும் எடுத்து நீட்டினாள். நிமாய் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சிரித்தார். போகவில்லை.

"பாக்கி?" என்றார்.

அந்த வார்த்தை புரிந்தது. "என்ன பாக்கி?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவர் வங்காளத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. மாஷிமா படியேறி வந்தார். இரு தரப்பையும் கேட்டார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது அரை இல்லை பெண்ணே. ஆடாய். எங்கள் பாஷையில் இரண்டரை. இவன் ஒருவன், ‘ட’வை எல்லாம் ‘ர’ ஆக்கிவிடுவான்!"

இரண்டாயிரத்து ஐநூறு. வீட்டில் இருப்பது நானூற்றைம்பது.

மாஷிமா சொன்ன விஷயத்தைக் கேட்ட நிமாய் சிரிக்கவில்லை. "இருபத்தைந்து வருஷமாக எல்லோரும் கொள்ளைக்காரன் என்கிறார்கள். பௌதி ஒருத்திதான் இவ்வளவு குறைச்சலா என்று கேட்டாள். அதனால்தான் நல்ல ஒயராகப் போட்டேன். என் கூலி கிடக்கட்டும். ஒயர் கடைக்காரனுக்குச் சனிக்கிழமை ஆயிரத்து எழுநூறு கொடுத்தாக வேண்டுமே!" என்றார். மாஷிமா அதை வரிக்கு வரி மொழிபெயர்த்தார்.

நிமாய் விறுவிறுவென்று அறைக்குள் போனார். ஏ.சி.யைக் கழற்றப் போகிறார் என்றே ஜலஜா நினைத்தாள்.

"மாஷிமா, ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்கள். கட்டு பிரிக்கிற வரைக்கும் மட்டும். அவர் கால்..." அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

நிமாய் கட்டிலருகே நின்றார். தூங்குகிற முகத்தைப் பார்த்தார். கட்டின் ஓரத்தைத் தொட்டார். அப்புறம் சட்டத்தைச் சுற்றிலும் உள்ளங்கையை வைத்து, எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று பார்த்தார். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

"கதவைத் திறந்துவைத்துச் சண்டை போட்டால் ஈரமெல்லாம் உள்ளே போகாதா என்று திட்டுகிறான்" என்றார் மாஷிமா. "கூலியை அண்ணன் நடக்க ஆரம்பித்த பிறகு கொடு என்கிறான். கடைக்காரனுக்குத்தான் என்ன செய்வது என்று கேட்கிறான்."

சொல்லிவிட்டு மாஷிமா கீழே போனார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது கையில் அன்று காலை ஜலஜா கொடுத்த வாடகைக் கவர். பிரிக்கவே இல்லை. ஆயிரத்து இருநூறு.

"இதை இவனுக்குக் கொடு. எனக்கு ஆகஸ்டில் தா. ஆனால் என் சீரியல் நேரத்தில் அரை மணி ஏ.சி.யை நிறுத்து. உன் அரை!"

ஜலஜா அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு கையாலும் கவரை வாங்கி நிமாயிடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் டாக்டர் கட்டை அறுத்தார். கால் மெலிந்து வெளுத்திருந்தது. தோல் பூண்டுச் சருகு போல உரிந்தது. ஆனால் புண் ஆறியிருந்தது. எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் வீரராகவன் டாக்சியை நிமாயின் ரிப்பேர் கடை இருந்த சந்துக்குள் விடச் சொன்னார்.

"நீங்க இருங்கோ, நான் கொடுத்துட்டு வரேன்."

"நடந்த பிறகு கொடுன்னுதானே சொன்னார்? நடக்கறவன் நான்தானே?"

ஊன்றுகோலோடு அவரே இறங்கினார். கடையிலிருந்து நிமாய் ஓடி வந்தார். நீட்டிய பணத்தைக் கவனிக்காமல் குனிந்து காலைப் பார்த்தார். சந்தின் முனை வரை போய்விட்டு வரும்படி கையைக் காட்டினார். வீரராகவன் மெதுவாகப் போனார், திரும்பி வந்தார். ரிப்பேர் செய்த ஃபேனைச் சுற்றவிட்டுப் பார்ப்பவர் போல நிமாய் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலோ" என்றார். நன்றாயிருக்கிறதாம். அப்புறம்தான் பணத்துக்குக் கையை நீட்டினார்.