நாலாவது செத்தபல்லி

லிஃப்ட் மெக்கானிக்கின் கல்யாணம் ஒரு செத்த பல்லியில் வந்து சிக்கிக்கொண்டது. குடி, சூது, வேறு தொடுப்பு என்று ஒன்றுமில்லாத பையன். ஆனால் பெண்ணின் அப்பா சர்வேயர். முப்பது வருஷம் நிலம் அளந்த கை, மாப்பிள்ளையை மட்டும் சும்மா விடுமா? ஓர் அங்குலம் விடாமல் அளந்தவர், கடைசியில் இணையத்து அரட்டைத் தளம் ஒன்றில் அவன் என்ன பெயரில் உலாவுகிறான் என்பது வரை தோண்டி எடுத்துவிட்டார்.

"செத்தபல்லி4. இதெல்லாம் ஒரு பேரா?"

அவன் ஒளிக்காமல் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது சர்வேயரின் மகள். கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் வேலை பார்த்தான். உண்மையில் அது இருபது நிமிஷ வேலை. அதை மட்டும் முழுங்கிவிட்டான்.

"அந்தப் பல்லி இல்லேன்னா நான் இந்த வீட்டுப் படியே ஏறியிருக்க மாட்டேன் மாமா. அதான் அது பேரையே வச்சுக்கிட்டேன்."

"மாமாவெல்லாம் அப்புறம். பல்லி சரி. நாலு எதுக்கு?"

"எனக்கு முன்னாடியே மூணு பேரு அந்தப் பேரை எடுத்துட்டாங்க. நம்பர் இல்லாம ஒருத்தர், அப்புறம் ரெண்டு, மூணு."

"செத்தபல்லின்னு ஊர்ல மூணு பேரா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, இது நிலம் இல்லப்பா."

"எல்லாம் நிலந்தான். நாலாவது கல் சரியா நட்டிருக்குன்னு நான் எழுதணும்னா மத்த மூணு கல்லையும் கண்ணால பாக்கணும். முப்பது வருஷமா அப்படித்தான். வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மூணு பேரும் இங்க வரணும். வரலேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

மனுஷர் ஒற்றைக்காலில் நின்றார். காதலித்த பாவத்துக்கு மெக்கானிக் மூன்று செத்தபல்லிகளுக்கும் தளத்திலேயே செய்தி எழுதினான். இரண்டும் மூன்றும் உடனே சம்மதித்தார்கள். நம்பர் இல்லாத மூத்த பல்லி இரண்டு நாள் கழித்து ஒரே வரி அனுப்பியது: "ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நான்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. சர்வேயர் மடியில் அளவுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். இரண்டாவது பல்லி, வங்கி வாசலில் காவல் நிற்பவர். பன்னிரண்டு மணி நேரம் சுவரோடு ஒட்டி நிற்பதைப் பார்த்து, உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயராம். சர்வேயர் அவரை எழுப்பிச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "பொருந்துது" என்று எழுதிக்கொண்டார். மூன்றாவது பல்லி நீச்சல் வாத்தியார். தண்ணீரில் மல்லாந்து மிதக்கும் லட்சணத்துக்காகப் பிள்ளைகள் வைத்தது. தொட்டி இல்லாத காரணத்தால் பாவம், தரையில் படுத்துக் காட்டினார். அதுவும் பொருந்தியது.

நாலே கால். நாலரை. முதல் நாற்காலி காலியாகவே இருந்தது. மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருஷக் காதல், முகம் தெரியாத எவனோ பஸ்ஸைத் தவறவிட்டதால் போகப் போகிறதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் கல் இல்லாம அளவு நிக்காது" என்று சர்வேயர் புத்தகத்தை மூடினார்.

அப்போது சமையலறையிலிருந்து அவருடைய மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். பிறகு காலியாக இருந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்து தனக்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், அது அவங்களுக்குப் போட்ட நாற்காலி."

"தெரியும். அதனாலதான் உக்காந்தேன்."

இரண்டாவது பல்லியும் மூன்றாவது பல்லியும் தடாலென்று எழுந்து நின்றார்கள். "அக்கா, நீங்களா!" என்றார் வாத்தியார். தளத்தில் அவளுக்கு அத்தனை மரியாதை. சர்வேயர் பேயறைந்தவர் போல இருந்தார்.

"நீயா? எப்பலேர்ந்து?"

"பதினாலு வருஷமா. இந்தச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு பல்லி செத்துக் கிடந்துச்சு. சாப்பிடுறப்ப உங்ககிட்ட சொன்னேன். 'உம்'ன்னீங்க. மறுநாளும் சொன்னேன். குழம்பை இங்க தள்ளுன்னீங்க. மூணாம் நாளு அந்தத் தளத்துல போய்ச் சொன்னேன். நாப்பது பேரு, அய்யோ, எப்படிக்கா செத்துச்சுன்னு கேட்டாங்க. அப்புறம் அங்கயே இருந்துட்டேன்."

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது.

"இந்தப் பையன் ரெண்டு மணி நேரம் என் பொண்ணு பேசினதைக் கேட்டிருக்கான். அது இருபது நிமிஷ வேலைன்னு அங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு இவனே போதும். எழுதிக்குங்க, நாலாவது கல் சரியா இருக்கு."

சர்வேயர் எழுதவில்லை. எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். ஆணிக்குக் கீழே, சுவரோடு சுவராக, காய்ந்து காகிதம் போல ஒட்டிக்கொண்டிருந்தது பல்லி.

"பதினாலு வருஷமாவா இங்க இருக்கு?"

"பேட்டரி மாத்துறது நான்தானே. ஒரு நாளாவது நீங்க பாப்பீங்கன்னு எடுக்காம விட்டேன்."

கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே அவர் திரும்பினார். பிறகு, மெக்கானிக்குக்கே கேட்டதோ இல்லையோ என்கிற குரலில், மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி செத்துச்சு?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல கல்யாணத்துக்குத் தேதி குறிங்க. அப்புறம் வந்து பக்கத்துல உக்காருங்க, சொல்றேன்."